கூண்டு வண்டியில் பிரெஞ்சுக் கரையோரம்

போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கப்பலுக்காக வரிசையில் நின்றிருந்தபோது அப்பா எங்கள் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். 7 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் கொண்ட, மூன்று வாரத்துக்கு வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோம், அதாவது சக்கரத்தின் மேல் ஓடும் வீடு அது. பின்பக்க ஏணியைப் பிடித்து ஆட்டினார், சக்கரங்களைக் காலால் தட்டினார், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே நெற்றிபோல் புடைத்திருந்த படுக்கைப் பகுதியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "இது நம்ம கூண்டு வண்டிதானல. அது வைக்கோல் தின்னும், இது டீசல் குடிக்கும், அவ்வளவுதான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தூத்துக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1950-இல் பிறந்தவர் அவர். சிறுவயதில் வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூருக்கு வண்டி கட்டிப் போன கதையை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். அரிசி, பருப்பு, புளி, விறகு, பாய், தண்ணீர்த் தவலை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, கிணறும் மரநிழலும் கண்ட இடத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு, பொங்கித் தின்று, வண்டிக்கு அடியில் படுத்துறங்கிப் போன பயணம் அது. அவர் அன்று சொன்னதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். நார்மண்டியில் தொடங்கி, பிரிட்டனி வழியாக அட்லாண்டிக் கரையில் இறங்கி, லுவார் ஆற்றோரமாகத் திரும்பிய அந்த மூன்று வாரங்களைப் பற்றி எழுத உட்காரும்போது, அதைவிடப் பொருத்தமான ஓர் ஒப்பீடு எனக்கு அகப்படவில்லை.

நான், மனைவி, பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் 13 வயது மகள், 8 வயது மகன், கோடைக்கு ஊரிலிருந்து வந்திருந்த அப்பா என்று ஐந்து பேர். அப்பாவின் இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பிரிட்டன் விசாவோடு, பிரான்சுக்குள் நுழைவதற்கான ஷெங்கன் விசாவும் தனியே வாங்க வேண்டியிருந்தது. பயணத்திலேயே கடினமான பகுதி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அம்மாவும் வந்திருந்தார், ஆனால் வண்டிக்குள் இருந்த கழிப்பறையைப் பார்த்த கையோடு, "தலைமாட்டுல கக்கூஸ வச்சுக்கிட்டுத் தூங்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு லண்டனில் அக்கா வீட்டிலேயே இருந்துகொண்டார்.

இந்த வகை வண்டியைச் சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டலாம், ஆனால் ஆளும் பொருளும் சேர்ந்து மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் கொள்ளும். நிரப்பினால் அதுவே 100 கிலோ. ஆகவே புறப்படும் முன் என் மனைவி குளியலறை எடைக்கருவியில் அரிசிப் பையை நிறுத்தினாள், இட்லிப் பானையை நிறுத்தினாள், கடைசியில் என்னையும் ஏறி நிற்கச் சொன்னாள். வீட்டுக்குள் இருக்கும்போது வீட்டுக்கு எடை உண்டு என்ற நினைப்பே வருவதில்லை. அதை இழுத்துக்கொண்டு போகும்போதுதான் தெரிகிறது.

இங்கிலாந்து வண்டி என்பதால் ஸ்டீயரிங் வளையம் வலப்பக்கம். பிரான்சில் சாலையின் வலப்பக்கமாகவே ஓட்ட வேண்டும். முன்னால் ஒரு டிராக்டர் போனால், அதை முந்தலாமா என்று பார்ப்பதற்கு என்னால் முடியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மனைவிதான் எட்டிப் பார்த்து, "போ" என்றோ "போகாதே" என்றோ சொல்ல வேண்டும். நார்மண்டியின் உட்புறச் சாலைகள் இருபுறமும் உயர்ந்த வேலிமரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகின்றன. ஆப்பிள் தோப்புகள், மேயும் மாடுகள், சாம்பல் நிறக் கல்வீடுகள். சிறு சாலைகளில் பொதுவான வேக வரம்பு 2018-இல் மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 80 ஆகக் குறைக்கப்பட்டது; பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறார்கள் என்றாலும், எங்கள் வண்டிக்கு 70-ஏ போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் போனால் அலமாரியிலிருந்த தட்டுகள் தாளம் போடத் தொடங்கிவிடும்.

முதல் இரவு ஒரு சிறு கிராமத்தின் 'ஏர்' என்ற இடத்தில் தங்கினோம். உழுகிற ஏர் அல்ல. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் திறந்த வெளி என்று பொருள். ஊராட்சி ஒதுக்கிக் கொடுத்த சமதளமான நிலம், பெரும்பாலும் விளையாட்டு மைதானத்துக்கோ இடுகாட்டுக்கோ பக்கத்தில் இருக்கும். ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி நிற்கும். 2 யூரோ நாணயத்தைப் போட்டால் 100 லிட்டர் குடிநீர் கொடுக்கும். அதன் காலடியில், பாத்திரம் கழுவிய நீரைத் திறந்துவிடுவதற்குக் கம்பிவலை போட்ட சாக்கடை. சற்றுத் தள்ளி, கழிப்பறைப் பெட்டியைக் கொட்டுவதற்கென்று தனியாக ஒரு வாய். இரவு தங்குவதற்குச் சில ஊர்களில் கட்டணம் உண்டு, பல ஊர்களில் இல்லை. காவலாளி இல்லை, பதிவேடு இல்லை, யாரும் வந்து உங்கள் ஊர் எது, பேர் எது என்று கேட்பதில்லை.

அப்பா அந்த இடத்தைப் பார்த்ததும், "சத்திரம்" என்றார். வழிப்போக்கனுக்குத் தண்ணீரும் படுக்க இடமும் கொடுப்பது தருமம் என்று நம் ஊர்களில் சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் சுமைதாங்கியும் கட்டினார்கள். இந்தக் கிராமத்தின் கணக்கில் தருமத்தைவிட ரொட்டிக்கடைதான் முன்னால் நிற்கிறது. 600 பேர் வாழும் ஊரில் ஒரு ரொட்டிக்கடை பிழைப்பது கடினம். தினமும் பத்து வண்டிகள் வந்து நின்றால், காலையில் பத்துக் குடும்பங்கள் ரொட்டி வாங்கும், சில காபி குடிக்கும், சந்தை நாளாக இருந்தால் காய்கறியும் பாலாடைக்கட்டியும் வாங்கும். காரணம் எதுவானால் என்ன, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. நாங்களும் விடியற்காலையில் நடந்து போய் நான்கு பகெத் ரொட்டிகள் வாங்கி வந்தோம், வழியிலேயே ஒன்றைப் பிய்த்துத் தின்றுவிட்டு மூன்றோடு திரும்பினோம். அந்த ரொட்டியைச் செய்யும் முறையை 2022-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சூடாக இருக்கும்போது தின்று பார்த்தால் அதற்கான நியாயம் புரியும், மாலையில் தின்று பார்த்தால் பல் வலிக்கும்.

அந்தக் காலைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோட்டார்ஹோமின் கழிப்பறைக்கு அடியில் சக்கரம் வைத்த ஒரு பெட்டி இருக்கும். சிறு பயணப்பெட்டி அளவுதான். நீல நிற மருந்து ஊற்றிய அந்தப் பெட்டியை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை வெளியே உருவி, இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். காலை எட்டு மணிக்கு எந்த ஏருக்குப் போனாலும் அந்த வாய்க்கு முன் ஒரு சிறு வரிசை நிற்கும். வெள்ளைச் சட்டை போட்ட ஓய்வுபெற்ற மனிதர், கழுத்தில் முத்துமாலை அணிந்த அம்மையார், ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞன், ஒவ்வொருவர் கையிலும் அவரவர் வீட்டுப் பெட்டி. ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள், வானிலை பற்றிப் பேசுகிறார்கள், தன் முறை வந்ததும் கொட்டிக் கழுவி, அடுத்தவருக்காகக் குழாயையும் கழுவி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

முதல் முறை அந்த வரிசையில் நின்றபோது என் காது மடல் சூடானதை ஒளிப்பானேன். வீட்டு மலத்தை வீட்டுக்காரனே சுமந்து போய்க் கொட்டுவதில் என்ன வெட்கம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அது 'நம் வேலையல்ல' என்று ஒரு குரல் உள்ளே எப்போதோ பதிந்திருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றும் வேலையைத் தடைசெய்து இந்தியா 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் இன்னொரு சட்டமும் இயற்றியது. அதன் பிறகும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்து இறந்தவர்களின் செய்தி நாளிதழில் வந்துகொண்டுதான் இருக்கிறது, இறந்தவர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்பதும் செய்தியைப் படிக்காமலேயே நமக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலை நான் எழுந்து வருவதற்குள் அப்பா அந்தப் பெட்டியை உருவி எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டார். "மாமா, நீங்க விடுங்க, அவர் பாத்துக்குவார்" என்று என் மனைவி பின்னாலேயே ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் அவருக்கு மூடியை எப்படித் திருப்ப வேண்டும் என்று சைகையில் காட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அது அப்பாவின் வேலையாயிற்று.

எல்லா ஊரும் இப்படி வாசலைத் திறந்து வைத்திருக்கவில்லை. கடற்கரை நெருங்க நெருங்க, வாகன நிறுத்துமிடங்களின் வாசலில் 2 மீட்டர் உயரத்தில் குறுக்கே ஓர் இரும்புக்கம்பி தொங்கத் தொடங்கியது. கார் போகும், நாங்கள் போக முடியாது. பிரெஞ்சுச் சட்டப்படி எங்கள் வண்டியும் ஒரு வாகனம்தான்; கார் நிற்கும் இடத்தில் அதுவும் நிற்கலாம். ஆனால் வெளியே ஒரு நாற்காலியைப் போட்டாலோ, பந்தலை விரித்தாலோ அது 'முகாமிடுதல்' ஆகிவிடும், அதற்குத் தனி இடம் தேட வேண்டும். இந்த வேறுபாட்டை ஊராட்சிக்கும் பயணிக்கும் இடையே வாதாடித் தீர்ப்பதைவிட ஒரு கம்பியை மாட்டுவது எளிது என்று பல ஊர்கள் முடிவுசெய்துவிட்டன. கடற்கரை ஊர் ஒன்றில், திரும்ப இடமில்லாத சந்துக்குள் 200 மீட்டர் போன பிறகுதான் அந்தக் கம்பி கண்ணில் பட்டது. மனைவி பின்னால் நடந்தபடி கையசைக்க, மகன் பின்னால் வந்த கார்களிடம் மன்னிப்புக் கேட்க, அத்தனை தூரமும் பின்னோக்கியே வந்தேன். எனக்குக் கோபம்தான். ஆனால் கடலைப் பார்த்தபடி வெள்ளைப் பெட்டிகள் சுவர்போல் வரிசையாக நிற்கும் ஓர் ஊரையும் பிற்பாடு பார்த்தேன். அந்த ஊர்க்காரனாக இருந்தால் நானே கம்பி மாட்டியிருப்பேன்.

கூட்டத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1936-இல் லெயோன் ப்லூம் தலைமையிலான அரசு தொழிலாளர்களுக்கு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டமாக்கியது. கடலையே பார்த்திராத குடும்பங்கள் அந்த ஆண்டு ரயிலிலும் இருவர் மிதிக்கும் சைக்கிளிலும் கடற்கரைக்குப் போயின. இன்றும் ஜூலையில் போகிறவர்கள், ஆகஸ்டில் போகிறவர்கள் என்று இரு கூட்டத்தாருக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இரு கூட்டமும் சாலையில் எதிரெதிரே சந்திக்கும் வார இறுதிக்காக, 'தந்திரக்காரக் காட்டெருமை' என்று பொருள்படும் 'பிஸோன் ஃபுய்தே' என்ற அரசுச் சேவை 1976 முதல் முன்னறிவிப்புத் தருகிறது. நாளுக்குப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கருப்பு என்று நிறம் போடுவார்கள். நம் காலண்டரில் ராகுகாலம் பார்ப்பதுபோல் நாங்கள் தினமும் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினோம். கருப்பு நாளில் வண்டியை எடுப்பதில்லை.

மோன் சான்-மிஷேல் மடத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கடலுக்கு நடுவே கற்பாறை மேல் எழுந்து நிற்கும் அதைத் தொலைவிலிருந்து, ஆடுகள் மேயும் உப்புப் புல்வெளிக்கு அப்பால் பார்க்கும் காட்சி மறக்க முடியாதது. உள்ளே போனால் பழனி அடிவாரத்துக் கடைத்தெரு. எனக்குப் பிடித்தது 2014-இல் திறந்த அந்தப் பாலம்தான். 1879-இல் போட்ட பழைய மண்கரை மணலைத் தேக்கி, தீவை மெல்ல மெல்ல நிலத்தோடு சேர்த்துக்கொண்டிருந்தது. அதை அகற்றிவிட்டுக் கால்கள் மேல் பாலம் கட்டி, கடல் மறுபடியும் சுற்றி வர வழி விட்டிருக்கிறார்கள்.

இந்த விரிகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் 14 மீட்டர் வரை போகும். மன்னார் வளைகுடாவில் வளர்ந்த எங்களுக்கு இது பிடிபடுவதற்கு நேரமாயிற்று. நம் பக்கத்தில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டர் அளவில்தான். மீனவர் அல்லாதவர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. கான்கால் துறையில் காலையில் பார்த்த கடல் மதியம் காணாமல் போயிருந்தது. இருந்த இடத்தில் சேற்றுவெளி, அதில் வரிசை வரிசையாகச் சிப்பி வளர்க்கும் மேசைகள், அவற்றுக்கு நடுவே ஓடும் டிராக்டர்கள். கரைச்சுவர் அருகே கூடாரம் போட்டு விற்கும் பெண்ணிடம் என் மனைவி ஒரு டஜன் வாங்கினாள். எண் கூடக் கூடச் சிப்பி சிறிதாகும் என்பது தெரியாமல், சிறியதாக இருக்கட்டும் என்று 1-ஆம் எண்ணைக் கேட்டுவிட்டாள். வந்தது உள்ளங்கை அகலம். எலுமிச்சை பிழிந்து நான்கைத் தின்றவள் மீதியை என் பக்கம் தள்ளினாள். ஓட்டைக் கடற்கரையிலேயே வீசிவிட வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். மகன் இருபது முப்பது ஓடுகளை எடுத்து எடுத்து வீசிக்கொண்டிருந்தான். நாங்கள் தின்றது பன்னிரண்டுதான்.

அங்கிருந்து சான்-மாலோ தாண்டி ரான்ஸ் ஆற்றின் கழிமுகத்தைக் கடக்கும் சாலை, ஓர் அணையின் மேலேயே போகிறது. 1966 முதல் கடல் ஏற்றத்தையும் வற்றத்தையும் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. 24 சுழலிகள், 240 மெகாவாட். 2011-இல் தென்கொரியாவில் அதைவிடச் சற்றுப் பெரியது வரும்வரை உலகில் அதற்கு நிகரில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கைப்பிடியில் சாய்ந்து பார்த்தோம். அணைக்கு அடியில் தண்ணீர் திரண்டு சுழன்றுகொண்டிருந்தது, மேலே நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்த டீதான் எங்கள் எரிவாயுவில் போட்ட கடைசி டீ.

வாடகைக்குக் கொடுத்தவர்கள் சிலிண்டர் நிறைந்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நான் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். பிரிட்டனியின் நடுப்பகுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், அரிசி பாதி வெந்த நிலையில் அடுப்பு அணைந்தது. பிரெஞ்சுச் சிலிண்டரின் வாய் வேறு, எங்கள் குழாயின் வாய் வேறு. புதிதாக வாங்கினாலும் பொருந்தாது. அடுப்போடு போகும் பிரச்சினையும் அல்ல இது. மின் இணைப்பு இல்லாத இடத்தில் குளிர்பெட்டி ஓடுவதும் எரிவாயுவில்தான். ஏர்களை விட்டுவிட்டு, மின்சாரம் தரும் ஊராட்சி முகாம்களைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

அப்படித்தான் நாந்த்–பிரெஸ்த் கால்வாய்க் கரையில் ஒரு முகாமில் நான்கு நாள் தங்க நேர்ந்தது. ஆங்கிலேயக் கப்பற்படை கடலை மறித்துக்கொண்டிருந்த நெப்போலியன் காலத்தில், பிரெஸ்த் துறைமுகத்துக்கு உள்நாட்டு வழியாகவே சரக்குக் கொண்டுபோக எண்ணியதன் விளைவு இந்தக் கால்வாய். 360 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், படகை ஏற்றி இறக்க 230-க்கும் அதிகமான மதகுகள். வெட்டி முடித்தபோது ஆங்கிலேயரோடு போரும் முடிந்திருந்தது, சிறிது காலத்தில் ரயிலும் வந்துவிட்டது. இப்போது அதில் சரக்குப் போவதில்லை. படகில் போகும் குடும்பங்களும், இழுவைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களும், தூண்டில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும் கிழவர்களும்தான்.

முகாமில் ஒவ்வோர் இடத்துக்கும் 6 ஆம்பியர் மின்சாரம். அதாவது 1,400 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. சோறு வடிக்கும் எங்கள் மின்குக்கருக்கு 700 போதும். ஆனால் அதே நேரத்தில் அப்பா காபிக்காகக் கெட்டிலைப் போட்டார். எங்கள் வண்டி மட்டுமின்றிப் பக்கத்து இரண்டு வண்டிகளும் இருண்டன. கம்பத்தருகே போய்ப் பார்த்தால், பெட்டி பூட்டியிருந்தது, அலுவலகம் ஏழு மணிக்கே மூடியாகிவிட்டது. பக்கத்து வண்டிக்காரர், எழுபது வயதிருக்கும், கையில் டார்ச்சோடு வந்து எங்கள் குக்கரைத் திறந்து பார்த்தார், அரைவேக்காட்டுச் சோற்றை முகர்ந்தார், ஒன்றும் பேசாமல் போய்த் தன் எரிவாயு அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேசையில் வைத்தார். அன்று இரவு ரசமும் சோறும் அவருக்கும் அவர் மனைவிக்கும் சேர்த்துத்தான் ஆனது. ரசத்தை அவர்கள் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் குடித்துவிட்டு, இதற்குப் பின் என்ன வரும் என்று பார்த்தார்கள். பின்னால் வந்ததும் ரசம்தான், சோற்றோடு.

தெற்குக் கரையில் லோரியான் நகருக்குப் போனதற்கு என் தனிப்பட்ட ஆர்வம்தான் காரணம். 1664-இல் பிரெஞ்சு மன்னரின் அமைச்சர் கொல்பேர் தொடங்கிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்டும் இடமாக 1666-இல் எழுந்த ஊர் அது. பெயருக்கே 'கிழக்கு' என்றுதான் பொருள். எதிர்க்கரையில் போர்-லூயி கோட்டைக்குள் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. புதுச்சேரிக்குப் போய் வந்த கப்பல்களின் மாதிரிகளும், நம் கரையிலிருந்து வந்த சாயத் துணிகளும் அங்கே உண்டு. அந்தத் துணிகள் பிரெஞ்சு நெசவாளர் வயிற்றில் அடித்ததால் 1686 முதல் 1759 வரை அவற்றை இறக்குவதும் அச்சிடுவதும் அங்கே தடைசெய்யப்பட்டிருந்தன. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பில், புதுச்சேரிக் கடலில் கப்பல் கண்ட செய்தி திரும்பத் திரும்ப வரும். அந்தக் கப்பல்கள் புறப்பட்ட கரையில் நின்று பார்ப்பது ஒரு கதையின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது போலிருந்தது. 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, நாங்கள் கடந்து வந்த சான்-மாலோவில்தான் பிறந்தவர். பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. கோட்டைச் சுவரடியில் குளிக்கலாம் என்பதே அவர்களுக்குப் பெரிய செய்தி.

அப்பாவுக்கான ஊர் அதற்கு அடுத்து வந்தது. கெராந்த் என்ற மதில் சூழ்ந்த சிற்றூரைத் தாண்டி இறங்கினால், ஏறத்தாழ 2,000 ஹெக்டேர் உப்பளம். தூத்துக்குடி உப்பளங்களில் 31 ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் அவர். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

நம் பாத்திகள் கட்டம் கட்டமாக, நேர்கோட்டில், கண்ணுக்கெட்டும் தூரம் வரை வெள்ளையாக விரிந்திருக்கும். இங்கே பாத்திகள் சிறியவை, ஒவ்வொன்றும் 70 சதுர மீட்டர் அளவுதான், களிமண் வரப்புகள் பாம்புபோல் நெளிகின்றன. கடல்நீரை ஏற்றத்தின்போது வாய்க்காலில் வாங்கி, ஒரு பெரிய தேக்கத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒன்றைவிட ஒன்று தாழ்ந்த பாத்திகள் வழியாக மெல்ல நடத்திக் கூட்டிவருகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்க, கடைசிப் பாத்தியில் உப்பு இறங்குகிறது. இயந்திரம் கிடையாது. நீண்ட கழியில் பலகை பூட்டிய வாரி ஒன்றால் அடியிலிருக்கும் கல்லுப்பை வரப்பின் நடுவே ஒரு வட்ட மேடைக்கு இழுத்துக் குவிக்கிறார்கள். களிமண்ணைத் தொட்டு வருவதால் அது சாம்பல் நிறம். காற்று மிதமாக வீசும் மாலையில் நீரின் மேல் மெல்லிய ஏடு படியும். அதை ஆடை எடுப்பதுபோல் தனியே வழித்தெடுப்பார்கள். அதற்குப் பிரெஞ்சில் 'உப்பின் பூ' என்று பெயர் என்று மகள் மொழிபெயர்த்ததும் அப்பா, "நாமளும் அதத்தான சொல்லுதோம், உப்பு பூத்திருக்குன்னு" என்றார்.

வாரிக்கொண்டிருந்தது முப்பது வயதுப் பெண் ஒருவர். வெறுங்கால், தொப்பி, வெயிலில் கன்றிய கை. அப்பா வரப்பின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, விரலை நீரில் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். "ஏட்டி, டிகிரி எத்தனைன்னு கேளு" என்றார் மகளிடம். மகளுக்கு என்ன டிகிரி என்றே புரியவில்லை. வெப்பநிலை என்று நினைத்துக் கேட்டாள். அந்தப் பெண் வானத்தைப் பார்த்தார். அப்பா பொறுமையிழந்து, தானே கையால் நீரைக் காட்டி, "போமே... போமே... 25?" என்றார்.

அந்தப் பெண் வாரியை நிறுத்தினார். "போமே!" என்று சிரித்தார். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் அளவைக்கு 18-ஆம் நூற்றாண்டில் வழி சொன்னவர் ஆந்துவான் போமே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். தூத்துக்குடியிலும் அந்த அளவைதான். 25 டிகிரிக்கு வந்தால் உப்பு இறங்கும், 29-ஐத் தாண்டவிட்டால் கசப்பு உப்புகள் சேர்ந்துவிடும், அதற்கு முன் நீரைக் கழித்துவிட வேண்டும். அப்பா ஆயுள் முழுக்க உச்சரித்த அந்தச் சொல் ஒரு மனிதரின் பெயர் என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது, எனக்கும்தான். அதன் பிறகு மகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவர் எண்களை விரலில் காட்டினார், அந்தப் பெண் விரலில் பதில் சொன்னார். மழை வந்தால் என்ன ஆகும் என்று அப்பா கைகளால் மழை பெய்வித்துக் காட்டியபோது, அந்தப் பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்து காட்டினார். ஐப்பசி மழையில் பாத்தி கரைந்த எத்தனையோ நாளில் நான் பார்த்த அதே உட்கார்வு.

கடையில் 125 கிராம் உப்புப் பூ 5 யூரோவுக்கு மேல் விற்றது. அப்பா விலைச்சீட்டைப் பார்த்து, மனதுக்குள் கணக்குப் போட்டு, டப்பாவை மெல்லத் திருப்பி வைத்தார். 1970-களில் இந்த உப்பளங்களை மூடி உல்லாசப் படகுத்துறை கட்டும் பேச்சு எழுந்தபோது, உப்பெடுப்பவர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்து நின்று, பிறகு தங்களுக்கென்று கூட்டுறவு அமைத்து, 2012-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடும் பெற்றார்கள். உப்பு அதே உப்புதான். கண்கூசும் வெயிலில் நின்று நாள்கூலிக்கு வாரிய நம் ஊர்ப் பெண்களின் கணக்கை எழுதியவர் அப்பா. வண்டிக்குத் திரும்பிய பிறகு அவர் நெடுநேரம் பேசவில்லை.

லுவார் கழிமுகத்தின் மேல் வில்லாக ஏறி இறங்கும் சான்-நசேர் பாலத்தைப் பக்கவாட்டுக் காற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தோம். நுவார்மூத்தியே தீவுக்குப் போகும் 'குவா' பாதை கடலடியில் கிடக்கும் 4 கிலோமீட்டர் சாலை. வற்றத்தின் உச்சிக்கு முன் ஒன்றரை மணி நேரமும் பின் ஒன்றரை மணி நேரமும் வெளியே தெரியும், பிறகு கடல் மூடிவிடும். நேரம் தவறியவர்கள் ஏறி உயிர் பிழைப்பதற்கென்று வழியில் கம்பங்கள் நட்டு மேலே கூண்டு கட்டியிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் அனுமதிக்காததால் வண்டியைக் கரையில் விட்டுவிட்டு, முதல் கம்பம் வரை நடந்தோம். பாசி படிந்த கற்கள், இருபுறமும் வாளியோடு சிப்பி தோண்டும் குடும்பங்கள். திரும்பி வந்து கரையில் உட்கார்ந்து பார்த்தோம். அலை எதுவும் வரவில்லை. சாலையின் தாழ்ந்த இடத்தில் முதலில் ஈரம் மினுங்கியது, அது கோடாயிற்று, கோடு தகடாயிற்று, பத்து நிமிடத்தில் சாலை இரண்டு துண்டாகியிருந்தது. தீவுக்கு நாங்கள் 1971-இல் கட்டிய பாலத்தின் வழியாகத்தான் போனோம்.

திரும்பும் வழியில் சோமூர் அருகே ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஓர் இரவு. ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டி ஓர் ஒட்டுச்சீட்டு வாங்கிக்கொண்டால், 'பிரான்ஸ் பாசியோன்' என்ற திட்டத்தில் சேர்ந்த விவசாயிகளின் நிலத்தில் 24 மணி நேரம் கட்டணமின்றித் தங்கலாம். எதையும் வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஆனால் வாங்காமல் வருவதற்கு மனம் வர வேண்டும். எனக்கு வரவில்லை, ஆறு புட்டி வாங்கினேன். மறுநாள் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் சீட்டு எடுக்கும் பெட்டி இடப்பக்கம் இருந்ததால், மனைவி ஜன்னல் வழியே இடுப்புவரை வெளியே தொங்கி எடுத்தாள். பிரிட்டனியில் சுங்கச்சாவடியே இல்லை என்பதன் அருமை அப்போது தெரிந்தது.

நார்மண்டியின் கான் நகரத்துத் துறைமுகத்தில் கப்பலுக்கு முந்தைய மாலை, வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கூட்டிக் கழுவினோம். அப்பா கடைசி முறையாகப் பெட்டியை உருவிக்கொண்டு போய்விட்டு வந்து, கை கழுவிக்கொண்டு, அம்மாவோடு வீடியோ அழைப்பில் உட்கார்ந்தார். உப்பளத்தைச் சொன்னார், போமேயைச் சொன்னார், கடல் மூடிய சாலையைச் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கக்கூஸ் பெட்டிய யாருல கொட்டுனா?"

"அப்பாதாம்மா. மூணாம் நாள்லேருந்து."

திரையில் அம்மா அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப ஊருக்கு வந்ததும் நம்ம வீட்டுக் கக்கூஸையும் அவரே கழுவட்டும். நாப்பத்தாறு வருசமா நான் கழுவியாச்சு."